வகுப்பறை மேலாண்மையைத் தலைமையாசிரியர் எதைக் கொண்டு மதிப்பிடுகிறார்?

பி.எட். முடித்துப் புதிதாகப் பணியில் சேர்ந்துள்ள நீங்கள், தலைமையாசிரியர் வகுப்பைப் பார்வையிட வரும்போது எதைக் கவனிப்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நான் கவனித்தவற்றைச் சொல்கிறேன்.

வராந்தாவில் நடந்து போகும்போது சத்தம் கேட்காத வகுப்பே நல்ல வகுப்பு என்று முடிவுகட்டும் வழக்கம் நம் பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. அந்த அமைதி பாடத்தில் ஆழ்ந்ததால் வந்ததா, பிரம்புக்கு அஞ்சியதால் வந்ததா என்பது வராந்தாவிலிருந்து தெரியாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆகவே அச்சத்தில் உறைந்த வகுப்பு எவ்வளவு ஒழுங்காகத் தோன்றினாலும் அதை நல்ல வகுப்பென்று பதிவேட்டில் எழுத எனக்கு மனம் வந்ததில்லை.

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முதலில் பாடவேளையின் தொடக்கத்தைப் பார்ப்பேன். கரும்பலகையை அழிப்பது, வருகை எடுப்பது, வீட்டுப்பாட நோட்டுகளை வாங்குவது ஆகியவை சொல்லாமலே நடக்கின்றனவா, அல்லது ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறதா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் 1970-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது. வகுப்பைத் திறம்பட நடத்துபவர்களும் தடுமாறுபவர்களும், குறும்பு நடந்த பிறகு கண்டிக்கும் முறையில் பெரிதாக வேறுபடவில்லை. வகுப்பின் மூலைமுடுக்கில் நடப்பதை உடனுக்குடன் அறிந்திருப்பதிலும், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தடையின்றி மாணவர்களை நகர்த்துவதிலுமே வேறுபட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும் மாணவனின் பெயரைச் சொல்லி அதட்டாமல், பாடத்தை நிறுத்தாமலே அவன் அருகில் போய் நிற்கும் ஆசிரியரைக் கண்டால் எனக்கு மிகுந்த நிறைவு ஏற்படும். கேள்விகள் முன்வரிசையோடு நின்றுவிடுகின்றனவா என்பதையும், என் பக்கத்தில் இருக்கும் மாணவனின் நோட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பார்ப்பேன்.

ஒரே ஒரு வருகையை வைத்து மதிப்பிடுவது அநீதி என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தலைமையாசிரியர் உள்ளே இருந்தால் பிள்ளைகள் வேறு மாதிரி உட்காருவார்கள். காலை முதல் பாடவேளையில் அடங்கியிருக்கும் வகுப்பு, மதிய உணவுக்குப் பின் அப்படி இருக்காது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது அதே சட்டம். அதைவிடக் கூடுதலான பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டிருப்பவரை அந்த நெருக்கடியையும் கணக்கில் கொண்டே மதிப்பிட வேண்டும். பார்வையிட்ட அன்றே உங்கள் தலைமையாசிரியர் எதையும் சொல்லாவிட்டால், நீங்களே போய்க் கேளுங்கள். எந்த நிமிடத்தில் எந்த வரிசை கவனம் இழந்தது என்று குறிப்பாகக் கேளுங்கள்.