ஜோடாரோவால் எப்படி நேரத்தை நிறுத்த முடிந்தது? ரசிகர் தியரிகளில் எது தேறும்?

கேள்வி 'ஜோஜோவின் வினோத சாகசம்' தொடரின் மூன்றாம் பாகமான 'ஸ்டார்டஸ்ட் க்ரூசேடர்ஸ்' பற்றியது. முழுக்க ஸ்பாய்லர்தான். இன்னும் பார்க்காதவர்கள் 48 எபிசோடையும் முடித்துவிட்டு வாருங்கள்.

இந்தத் தொடரில் 'ஸ்டாண்ட்' என்றால், ஒருவரின் மன சக்தி உருவமெடுத்து அவருக்காகச் சண்டை போடுவது. ரத்தக் காட்டேரியான வில்லன் டியோவின் ஸ்டாண்ட் பெயர் 'தி வேர்ல்ட்'. அதை வைத்து 5 நொடி உலகத்தையே நிறுத்திவிடுவான். கடைசிச் சண்டையில் நம்ம ஹீரோ ஜோடாரோவும் திடீரென்று அதே வேலையைச் செய்கிறான். அதுவரை ஓங்கி அடிக்கத்தானே அவனுக்குத் தெரியும், இது எங்கிருந்து வந்தது? அராக்கி இந்த மங்காவை (ஜப்பானிய காமிக்ஸ்) 1989 முதல் 1992 வரை வாரப் பத்திரிகையில் எழுதிய காலத்திலிருந்து இதற்கான சண்டை ஓயவில்லை. 2014, 2015இல் அனிமே வந்ததும் எங்கள் தலைமுறையும் அதில் குதித்துவிட்டது.

எல்லோருக்கும் பிடித்த டார்பி தியரியை முதலில் எடுத்துக்கொள்வோம். கெய்ரோவில் டார்பி என்ற சூதாடி, தோற்றவர்களின் ஆன்மாவைப் பறித்துச் சில்லுகளாக அடுக்கி வைத்திருப்பான். ஜோடாரோவின் கூட்டாளி போல்னரேஃப் தோற்று ஆன்மாவை இழந்துவிட்டான், அவன் தாத்தா ஜோசப்பும் இழந்துவிட்டார். அடுத்து ஜோடாரோ போக்கர் ஆட உட்காருகிறான். கையில் வந்த ஐந்து சீட்டையும் திருப்பிக்கூடப் பார்க்காமல் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகிறான். நடுவில் பார்த்தால் அவன் வாயில் சிகரெட் எரிகிறது, கையில் ஜூஸ் இருக்கிறது. எப்போது பற்றவைத்தான், எப்போது எடுத்தான் என்று எதிரே உட்கார்ந்திருக்கும் டார்பிக்கே தெரியாது. 'அந்த இடத்திலேயே ஜோடாரோ தன்னை அறியாமல் நேரத்தை நிறுத்திவிட்டான்' என்பதுதான் தியரி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நிற்காது. நின்ற நேரத்துக்குள் ஒருவன் எழுந்து, தீ வைத்து, ஜூஸ் எடுத்துவர வேண்டுமென்றால் அது அவனுக்குத் தெரியாமல் நடக்க வழியில்லை. தெரிந்திருந்தால் டியோவிடம் அவ்வளவு திணறியிருக்க மாட்டான். அதோடு, ஜோடாரோவின் ஸ்டாண்டான ஸ்டார் பிளாட்டினத்தின் வேகம் அதற்கு முன்பே காட்டப்பட்டதுதான். முதல் எபிசோடில் சிறைக்குள் ஜோடாரோ தன் தலையில் வைத்துச் சுட்டுக்கொள்ளும் தோட்டாவை அது விரலால் பிடிக்கவில்லையா? அதற்கு ஒரு சிகரெட் பற்றவைப்பது பெரிய விஷயமா! அந்தக் காட்சி முழுக்க முழுக்க டார்பியின் நரம்பை முறுக்குவதற்கு. அம்மாவின் ஆன்மாவையும் சேர்த்துப் பந்தயம் கட்டியதும் டார்பி மயங்கி விழுகிறான். திறந்து பார்த்தால் ஜோடாரோ கையில் இருந்தது வெறும் உதிரிச் சீட்டு.

அடுத்தது ரத்த தியரி. டியோவின் கழுத்துக்குக் கீழே இருப்பது அவன் பறித்துக்கொண்ட உடல், ஜோசப்புக்குத் தாத்தாவான ஜோனதனின் உடல். அந்த உடலில் ஸ்டாண்ட் விழித்ததால்தான் ஜோசப்புக்கும் ஜோடாரோவுக்கும் அம்மா ஹாலிக்கும் ஸ்டாண்ட் வந்தது. அதுவரை சரி. நேரத்தை நிறுத்துவதும் அதே வழியாக வந்தது என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் உதைக்கிறது. டியோவின் மகன் ஜோர்னோவின் ஸ்டாண்ட் உயிர் கொடுக்கும். ஜோடாரோவின் மகள் ஜோலினின் ஸ்டாண்ட் உடலை நூலாகப் பிரிக்கும். இரண்டு பக்கத்து வாரிசுகளுக்கும் வராதது ரத்தத்தில் எப்படி இருக்கும்?

'அது வெறும் அதிவேகம்தான்' என்பவர்களுக்கு அனிமேவே பதில் சொல்லிவிட்டது. டியோவின் அடியாள் ஹோல் ஹார்ஸ், டியோவின் பின்னால் நின்று தலைக்குக் குறி வைக்கிறான். அடுத்த கணம் டியோ இவன் முதுகுப் பக்கம் நிற்கிறான். சுற்றியிருந்த சிலந்தி வலைகூடக் கலையவில்லை. போல்னரேஃப் படியில் ஏறுகிறான், கால் பார்த்தால் கீழே இறங்கியிருக்கிறது. மயக்கு வித்தையோ வேகமோ இல்லை என்று அவனே அடித்துச் சொல்கிறான். ஆனால் விடையைக் கண்டுபிடித்தது ஜோடாரோவின் இன்னொரு கூட்டாளி காக்யோயின். டியோவைச் சுற்றி 20 மீட்டருக்குத் தன் ஸ்டாண்டை வலையாக விரித்து வைக்கிறான். எந்த இழை அறுந்தாலும் அவனுக்குத் தெரியும். அத்தனை இழையும் ஒரே கணத்தில் அறுகின்றன. எவ்வளவு வேகமானவனும் ஒன்றன்பின் ஒன்றாகத்தானே அறுக்க முடியும்? வயிற்றில் ஓட்டையோடு செத்துக்கொண்டிருக்கும்போது இதை யோசித்து, கடைசித் தாக்குதலை மணிக்கூண்டுக் கடிகாரத்தின் மேல் விடுகிறான். விஷயம் 'நேரம்' என்ற அந்தக் குறிப்பை ஜோசப் புரிந்துகொள்கிறார். இணையத்தில் நாங்கள் எழுதும் தியரி எல்லாம் இதற்குப் பக்கத்தில் வர முடியாது.

'நின்றுபோன நேரத்தை எப்படி நொடியில் எண்ணுகிறான், வெளிச்சம் எப்படிக் கண்ணுக்கு வருகிறது' என்ற இயற்பியல் கேள்விகளுக்குள் நான் போகவில்லை. ரோடு ரோலரைத் தூக்கிக்கொண்டு வந்து போடும் தொடரில் அதைத் தேடக் கூடாது.

என் கட்சி இது: டியோ சந்தேகப்பட்டதே சரி, இரண்டும் ஒரே வகை ஸ்டாண்ட். கிட்டத்தில் நின்று அடிப்பது, அந்த வேகம், அந்தத் துல்லியம், ஒன்று 'ஓரா ஓரா' என்றால் மற்றொன்று 'மூடா மூடா' என்று கத்துவது, எல்லாமே ஜோடி. நான்காம் பாகத்தில் ஜோடாரோவின் ஸ்டாண்டுக்குப் பெயரே 'ஸ்டார் பிளாட்டினம் தி வேர்ல்ட்' என்று ஆகிவிடுகிறது. திறமை முதலிலேயே உள்ளே இருந்தது, அதைத் தட்டி எழுப்ப ஆள் வேண்டியிருந்தது. டியோவுக்கும் முதலில் ஒரு கணம்தான் நின்றது, பிறகுதான் நொடிக் கணக்கு கூடியது. ஜோடாரோ அதே பாதையைச் சண்டைக்குள்ளேயே நடந்து முடிக்கிறான். நின்ற நேரத்தில் அவன் கை அசைவதைப் பார்த்து டியோ மிரள்கிறான். பிறகு உடையில் ஒட்டிய காந்தத்தைக் கண்டுபிடித்து, 'ப்பூ, ஏமாற்று வேலை' என்று நெருங்குகிறான். அப்போதுதான் நிஜமான குத்து விழுகிறது. அடுத்து கொஞ்சம் கூடுதலாக அசைகிறான். கடைசியில் ரோடு ரோலரோடு டியோவின் 9 நொடி முடியும் இடத்தில் தானே நேரத்தை நிறுத்துகிறான்.

அந்த 9 எப்படி வந்தது? ஜோசப்பின் ரத்தத்தைக் குடித்த பிறகுதான் 5 நொடி 9 ஆனது. அப்படியானால் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது உடலின் பலத்தைப் பொறுத்தது. ரத்தக் காட்டேரிக்குக் கூடிக்கொண்டே போகும். மனிதன் ஜோடாரோ ஆறாம் பாகம் வரை வந்தும் 5 நொடியைத் தாண்டவில்லை. நடுவில் பல வருடம் நிறுத்தாமலே விட்டதில் நான்காம் பாகத்தில் துருப்பிடித்தும் போயிருந்தான். ரத்த தியரிக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தால் கமெண்ட்டில் போடுங்கள்.