காலர்ட் கீரையில் துவரன்

கேள்வி: மாடித்தோட்டத்தில் காலர்ட் கீரை செழித்து நிற்கிறது. முருங்கைக்கீரை போலத் துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்) வைத்தேன். ரப்பர் மாதிரி இழுபட்டது, கசப்பும் கூட. எங்கே தப்பு? – வாசகி, தக்கலை

பதில்: நேரத்தில்தான் தப்பு. முருங்கை இலை ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். காலர்ட், முட்டைக்கோஸின் உறவு. தலை கட்டாத வகை, தடித்த இலை. கை அகலத்துக்குள் உள்ள இலையாகப் பறியுங்கள், முற்றியதுதான் அதிகம் கசக்கும்.

நடுத்தண்டை இருபுறமும் கீறி எடுத்துவிட்டு, எட்டுப் பத்து இலைகளை அடுக்கி, பாய் சுருட்டுவதுபோல இறுக்கிச் சுருட்டி நூலாக அரியுங்கள். பாதி வேலை இதில் முடிந்தது. 300 கிராம் இலைக்கு அரை கப் தேங்காய்த் துருவல், 4 சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), 2 பல் பூண்டு, 2 பச்சை மிளகாய், கால் தேக்கரண்டி சீரகம், சிட்டிகை மஞ்சள் எடுத்து ஒன்றிரண்டாகச் சதையுங்கள்.

தேங்காயெண்ணெயில் கடுகு, வற்றல் மிளகாய் தாளித்து, இலையைப் போட்டு கால் கப் தண்ணீர் தெளித்து, மூடி, சிறு தீயில் 12 நிமிடம். உப்பு அதன்பிறகுதான், இலை சுருங்குமுன் போட்டால் அளவு தப்பிக் கரிக்கும். அரைப்பைச் சேர்த்துத் தண்ணீர் வற்றும்வரை மூடாமல் கிளறுங்கள். அரை மணி நேரம் வேகவிட்டால் முட்டைக்கோஸ் வாடை கிளம்பும்.

கேள்வி: புளி ஊற்றலாமா? – வாசகர், குளச்சல்

பதில்: வெந்த பிறகு ஊற்றுங்கள். முன்பே ஊற்றினால் இலை வேகாது, பச்சையும் பழுப்பாகிவிடும். மீன் குழம்பு இருக்கும் நாளில் புளியே வேண்டாம்.