அந்தப் பழைய டிஷர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: வேலை நாட்களில் அலுவலகச் சீருடை. லீவு நாளில் அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்கிறேன். துணிக்குக் குறைவில்லை. ஆனால் கை போவது ஒரு பழைய டிஷர்ட்டுக்குத்தான். ஒரு ஸ்டைலிஸ்ட்டுக்குப் பணம் கட்டி, அவர் சொன்ன கடையில் ஆறு உடை வாங்கினேன். எதைப் போட்டாலும் வேறு யாரோ மாதிரி இருக்கிறது, அரை மணி நேரத்தில் கழற்றிவிடத் தோன்றுகிறது. உடம்புக்கும் வசதியாக, பார்த்தால் நானாகவும் தெரிகிற உடையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்களுக்கு எது சரி என்று அந்தப் பழைய டிஷர்ட்டுக்குத் தெரியும். அதை எடுத்து மேசைமேல் சுருக்கம் இல்லாமல் விரியுங்கள். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை, தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை, கழுத்திலிருந்து கீழ் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள். இனிமேல் டிஷர்ட், சட்டை, டாப்ஸ் எதை வாங்கினாலும் உங்கள் சைஸ் அந்த மூன்று எண்கள்தான். லேபிளில் இருக்கும் எம், எல் எழுத்துகளை மறந்துவிடுங்கள்.

பேட்டர்ன் வெட்டும் மேசையில் பல வருடம் நின்றவள் நான். இந்த சைஸ் விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. உடம்பில் எந்த இடத்தை எப்படி அளக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 8559 என்று சர்வதேசத் தரமே வைத்திருக்கிறார்கள். இருந்தும் மீடியம் என்றால் இத்தனை சென்டிமீட்டர் என்று எல்லாரையும் கட்டுப்படுத்தும் விதி இல்லை. வாங்குகிறவர் மனம் குளிரட்டும் என்று பெரிய அளவுக்குச் சின்ன எண்ணை ஒட்டுகிற பழக்கம் வேறு. இதில் 'எனக்குத்தான் உடம்பு போட்டுவிட்டது போல' என்று ட்ரையல் ரூமில் கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தப்பு உங்கள் உடம்பில் இல்லை.

அடுத்தது, அரை மணி நேரத்தில் கழற்றத் தோன்றுவது. நிச்சயமாகச் சொல்கிறேன், கைக்குழியை, அதாவது சட்டையில் கையை இணைத்துத் தைத்திருக்கும் வளைவைப் பாருங்கள். சட்டையைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோலக் கையை உயர்த்துங்கள். சட்டை மொத்தமும் கூடவே மேலே ஏறி இடுப்பு தெரிகிறதா? அப்படியானால் கைக்குழி மிகவும் கீழே இறங்கி வெட்டப்பட்டிருக்கிறது. கைக்குழி தாராளமாக இருந்தால் வசதி என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. கையும் உடலும் சேரும் தையல் அக்குளை ஒட்டி மேலே இருந்தால் கை மட்டும் தனியாக அசையும். அது விலாப் பக்கம் இறங்கிவிட்டால், கை தூக்கும்போதெல்லாம் சட்டையின் பக்கவாட்டுத் துணியையும் சேர்த்து இழுக்கும். ஒரே வெட்டில் பலதரப்பட்ட உடம்புகளுக்கு விற்க வேண்டும் என்றால் கைக்குழியை இறக்கி வெட்டுவது உற்பத்தியாளருக்குச் சுலபம், அவ்வளவுதான்.

பேன்ட்டைக் கண்ணாடி முன்னால் நின்று முடிவு செய்யாதீர்கள். உட்காரும்போது இடுப்பும் தொடையும் விரியும். ட்ரையல் ரூமில் உட்காருங்கள், குந்துங்கள், ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனியுங்கள். பின்பக்கம் இடுப்புப் பட்டி கீழே இறங்கினாலோ வயிற்றில் வெட்டினாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'போடப் போட லூஸ் ஆகும்' என்று கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்க வேண்டாம்.

இப்போது துணி. 100 கிராம் உலர்ந்த பருத்தி, சாதாரணக் காற்றில் இருந்தாலே சுமார் 8 கிராம் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். லினன் 12 கிராம் வரை வாங்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. புழுக்கத்தில் பாலியஸ்டர் சட்டை முதுகில் ஒட்டுவது இதனால்தான். உள்பக்க லேபிளில் சதவீதம் போட்டிருப்பார்கள். அதை மட்டும் படியுங்கள். 'காட்டன் ஃபீல்', 'லினன் லுக்', 'சில்க் ஃபினிஷ்' என்பதெல்லாம் தொட்டால் எப்படி இருக்கும் என்று சொல்கிற வார்த்தைகள், நூல் எது என்று சொல்கிறவை அல்ல.

எல்லாவற்றையும்விட என்னைக் கோபப்படுத்துவது 'மூங்கில் துணி'. இயற்கை, கிருமி அண்டாது என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்ஃபைடும் சேர்த்துக் கரைத்து, நுண்ணிய துளைகள் வழியாக அமிலத்துக்குள் பீய்ச்சி எடுக்கிற நூல்தான் பெரும்பாலும் அது. அதற்கு வேறு பெயர் இருக்கிறது: விஸ்கோஸ். மரக்கூழிலிருந்தும் அதே விஸ்கோஸ்தான் வருகிறது. விஸ்கோஸ் கெட்ட துணி இல்லை, மென்மையாக அழகாக விழும். ஈரமானால் பலம் பாதியாகக் குறையும் என்பதால் முறுக்கிப் பிழியாமல் துவைக்க வேண்டும். வாங்குங்கள், ஆனால் விஸ்கோஸ் விலைக்கு வாங்குங்கள்.

சந்தேகமாக இருந்தால், வாங்கிய பிறகு உள்தையலின் ஓரத்திலிருந்து ஒரு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, கறுத்த மணிபோல உறையும். உருவுவது துணியின் இழையாக இருக்கட்டும். தைத்த நூல் அநேகமாக பாலியஸ்டராக இருக்கும், அதைக் கொளுத்தினால் நல்ல பருத்திச் சட்டைமேல் வீண்பழி விழும்.

அப்படியானால் பாலியஸ்டர் பக்கமே போகக் கூடாதா? ஒரே ஒரு இடத்தில் போகலாம், அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். ஓடுகிறீர்கள், மலை ஏறுகிறீர்கள், வேர்வை கொட்டுகிறது. அப்போது பருத்தி குடித்த ஈரத்தை விடாமல் வைத்துக்கொள்ளும். கனக்கும், தோலை உரசும், குளிர்காற்று பட்டால் உடம்பை நடுங்க வைக்கும். இங்கே மெல்லிய, பனியன் துணிபோலப் பின்னிய வகை பாலியஸ்டர் நல்லது. வேர்வை அதன் மேற்பரப்பில் பரவிச் சீக்கிரம் காயும். பின்னல் என்றேன், கவனியுங்கள். நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் சட்டைக்கு இது பொருந்தாது. விளையாட்டுக் கடையில் வாங்கியதாலேயே ஒரு துணி இந்த வகையில் சேர்ந்துவிடாது. முகத்துக்கு நேரே பிடித்து ஊதிப் பாருங்கள், காற்று தாராளமாக மறுபக்கம் வர வேண்டும். பாலியஸ்டரில் உடம்பின் எண்ணெய்ப்பசையும் வாடையும் தங்கும், அதனால் போட்ட அன்றே துவைத்துவிடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்காதீர்கள், அது இழைமேல் படிந்து ஈரம் பரவுவதைக் கெடுக்கும். உடற்பயிற்சி முடிந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள்.

சரி, 'நானாகத் தெரிய வேண்டும்' என்ற விஷயம். அந்த ஸ்டைலிஸ்ட் ஏன் குறிப்பிட்ட கடைக்கு அனுப்பினார் என்று கேட்டுப் பார்த்தீர்களா? விற்பனையில் பங்கு வாங்குகிறவர் உங்களுக்கு ஆலோசகர் இல்லை, அந்தக் கடையின் ஆள். அடுத்த முறை யாரிடம் போனாலும் முதல் கேள்வியாகக் கமிஷன் உண்டா என்று கேளுங்கள். 'உங்கள் நிறத்துக்கு இந்தக் கலர் எடுக்காது' என்று ஆரம்பிக்கிறவரிடம் இரண்டாவது கேள்வியே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். எந்தத் தோலும் எந்த நிறத்துக்கும் தடை இல்லை. உங்களுக்கு மஞ்சள் பிடித்தால் மஞ்சள் போடுங்கள். கடை விளக்கில் ஒரு மாதிரியும் வெயிலில் வேறு மாதிரியும் தெரியும், அதனால் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

யாரோ மாதிரி இருப்பதற்குக் காரணம், தலை முதல் கால் வரை ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றியது. பழைய டிஷர்ட்டின் அளவும் துணியும் அப்படியே இருக்கட்டும். ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நிறத்தையோ, காலரையோ, ஒரு பெரிய பூப்போட்ட பிரின்ட்டையோ. அதற்குக் கையும் மனமும் பழகியபின் அடுத்தது. புதிதாக வாங்கியதன் டேக்கை வெட்டாமல் வீட்டில் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு இருங்கள். காலரையோ இடுப்பையோ நான்கு தடவை இழுத்துவிட்டுக்கொண்டால் அது உங்கள் உடை இல்லை, திருப்பி அனுப்புங்கள்.

வாங்கிவிட்ட ஆறையும் கட்டிலில் போட்டுக் கை தூக்கும் சோதனையை ஒவ்வொன்றுக்கும் செய்யுங்கள். பக்கவாட்டில் தொளதொளவென்று இருப்பதைத் தையல்காரர் பிடித்துக் கொடுப்பார். பிடிப்பாக இருந்தால் உள்பக்கம் தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆயத்த ஆடைகளில் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், அதில் பிரித்துவிட ஒன்றுமில்லை. தோளும் கைக்குழியும் சரியில்லாதவற்றுக்கு மேலும் செலவு செய்யாமல், பொருந்துகிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.