லீக்ஸ் சூப்பில் மண் நெறுநெறுக்கிறது, கசக்கவும் செய்கிறது. சத்துக் குறையாமல் நன்றாக வைப்பது எப்படி?

உங்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றே ஊகிக்கிறேன். திடமாக இருப்பவர்களுக்காக ஒரு சூப்பைப் பற்றி யாரும் இவ்வளவு கவலையோடு கேட்பதில்லை. நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளையும் ஒரே பாத்திரத்தில் செய்து காட்டியவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். சமையற்கலை படித்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன், ஆனால் மண்ணைப் பற்றி மட்டும் என்னோடு வாதாட வேண்டாம்.

அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வீடு திரும்பிய வாரம் அது. வெங்காய இனத்தைச் சேர்ந்த நீளத் தண்டுக் காய்தானே என்று லீக்ஸை முழுத் தண்டாகவே குழாயடியில் காட்டி, வெளியே பளபளவென்று இருக்கிறதே என்ற திருப்தியில் நறுக்கிப் போட்டேன். அம்மா முதல் கரண்டியை வாயில் வைத்தார், நாக்கைச் சுழற்றினார், விரல் நுனியில் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது இன்னும் தோட்டத்தை விட்டே வரவில்லை போலிருக்கிறதே" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கிண்ணத்தைத் தொடவும் இல்லை.

தண்டு வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதற்காக, செடி வளர வளர அதைச் சுற்றி மண்ணை அணைத்து வெயில் படாமல் செய்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த மண் இலையடுக்குகளுக்குள் இறங்கிவிடுவதால், வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. வேரை நீக்கி, தண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பிறகு குறுக்கே அரை விரல் கனத்துக்கு நறுக்குங்கள். நார் நீளவாக்கில் ஓடுவதால், குறுக்கே வெட்டினால்தான் அது கரண்டியில் நூல் நூலாகத் தொங்காது. நறுக்கியதை அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் கொட்டி, அடுக்குகள் பிரியும்படி அலசி, மண் அடியில் தங்கும்வரை விட்டு, மேலே மிதப்பதைக் கையால் அள்ளி எடுங்கள். வடிதட்டில் அப்படியே கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் முழுவதும் மறுபடியும் லீக்ஸின் தலையிலேயே விழும். நான் இரண்டாம் முறை செய்த தவறு அது. இப்போது மூன்று தண்ணீர் மாற்றுகிறேன்.

கசப்புக்குப் பெரும்பாலும் அவசரமே காரணம். "ஐந்து நிமிடம் வதக்குங்கள்" என்று எழுதுபவர்கள் மீது எனக்குத் தீராத மனத்தாங்கல் உண்டு. அந்த ஐந்து நிமிடத்துக்குள் வேலையை முடிக்கத் தீயைக் கூட்டினால், மெல்லிய இதழ்களின் ஓரம் கருகி, அந்தக் கசப்பு பாத்திரம் முழுவதும் பரவிவிடும். நால்வருக்கு என்றால், மூன்று தண்டுகளின் வெள்ளையும் இளம்பச்சையுமான பகுதியை 25 கிராம் வெண்ணெயில் அரைத் தேக்கரண்டி உப்புடன் போட்டு, மூடி, மிகச் சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். பாத்திரத்திலிருந்து முணுமுணுப்புதான் கேட்க வேண்டும். 'சொய்' என்று இரைந்தால் தீ அதிகம். நிறம் மாறாமல், குழைந்து, இனிப்பு மணம் எழும்போதுதான் தண்ணீர் சேர்க்க வேண்டும். "வெங்காயமே போதுமே" என்பவர்கள் இந்தக் கட்டத்தில் மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பார்க்கட்டும்.

பிறகு இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு காரட், ஒரு கைப்பிடி மைசூர்ப் பருப்பு, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் சேர்த்து, தளதளவென்று கொதிக்கவிடாமல் 25 நிமிடம் வேகவிட்டால் போதும். கரும்பச்சை இலைகளைச் சூப்பில் போடாதீர்கள், எறியவும் வேண்டாம்: நன்றாகக் கழுவி, ஒரு பிரிஞ்சி இலையோடு தனியே அரை மணி நேரம் வேகவைத்து வடித்தால், வெறும் தண்ணீருக்குப் பதிலாக அந்தச் சாறே உதவும். மிக்சியில் அடிப்பதாயிருந்தால் சூடு தணிந்த பிறகு, ஜாரில் பாதிக்கு மேல் ஊற்றாமல், சில விநாடிகள் மட்டும் அடியுங்கள். சூடான சூப்பின் ஆவி மூடியைத் தூக்கி எறியும் (எங்கள் சுவரில் கறை இன்னும் இருக்கிறது); அதிகம் அரைத்தால் கிழங்கின் மாவுச்சத்து வெளியேறிப் பசை போலாகிவிடும். எனக்கு மத்தால் லேசாக மசிப்பதே பிடிக்கிறது.

சத்து என்று கேட்டீர்கள். 100 கிராம் லீக்ஸில் சுமார் 61 கலோரியும் ஒன்றரை கிராம் புரதமும்தான் உண்டு. நோயிலிருந்து தேறுபவருக்கு அது எந்த மூலைக்கும் போதாது, பருப்பைச் சேர்க்கச் சொன்னது அதனால்தான். வேகும்போது தண்ணீரில் இறங்கும் சத்துகளை நாம் குடித்துவிடுகிறோம் என்பது சூப்பின் நன்மை, வைட்டமின் சி மட்டும் சூட்டில் ஓரளவு குறையும். காரட்டிலுள்ள கரோட்டினை உடல் உறிஞ்சக் கொழுப்பு தேவை என்பதால், வெண்ணெயை முற்றாக விலக்கி வைத்துப் பெருமைப்பட வேண்டாம், எண்ணெயும் ஆகும்.

'எல்லோருக்கும் நல்லது என்று எழுதிவிட்டான்' என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக இரண்டு விஷயங்கள். லீக்ஸில் வைட்டமின் கே கணிசமாக இருப்பதால், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுத்துக்கொள்பவர்கள் திடீரென்று தினமும் குடிக்கத் தொடங்காமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதிலுள்ள ஃப்ரக்டான் என்னும் மாவுப்பொருள் சிலருக்கு வயிற்றை உப்பச் செய்யும். அப்படிப்பட்டவர்களுக்கு முதல்நாள் அரைக் கிண்ணம் மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

மறுநாள் இது கெட்டியாகிவிடும். கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சூடாக்கி, கடைசியாக உப்புப் பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மா இப்போதும் முதல் கரண்டியை எடுத்ததும் கிண்ணத்தின் அடியைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைக் குடிக்கிறார்.