துளை போடுவதற்கு முன் ஆச்சியிடம் கேளுங்கள்

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் உள்ள எங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்துக் கட்டப்போகிறோம். பரணைக் காலி செய்தபோது ஒரு மண்சட்டி கிடைத்தது. வாய் அகலம் ஒன்றரைச் சாண் இருக்கும். ஆழம் அதில் பாதிகூட இல்லை. வெளிப்பக்கம் வழவழப்பு. உள்பக்கம் மட்டும் அடியிலிருந்து விளிம்பு வரை வளையம் வளையமாக வரப்பு எழுப்பியிருக்கிறது. போனில் படம் எடுத்துத் தேடினால் ஜப்பானில் எள் அரைக்கிற கிண்ணம் என்று வருகிறது. பழைய பொருள் வாங்குகிற ஒருவர் மூலிகை அரைக்கிற சட்டி என்று சொல்லி 600 ரூபாய்க்குக் கேட்கிறார். என் கணவர் அடியில் துளை போட்டுச் செடி வைக்கலாம் என்கிறார். வீட்டில் ஆச்சி இருக்கிறார்கள். 86 வயது, காது மந்தம், பழையதெல்லாம் மறந்திருக்கும் என்று அவர்களிடம் கேட்கவில்லை. இது என்ன பாத்திரம்? வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில், துளை போடாதீர்கள். 600 ரூபாய்க்கும் கொடுக்காதீர்கள். உங்கள் கையில் இருப்பது அரிக்கஞ்சட்டி. அரிசியிலிருந்து கல்லைப் பிரித்தெடுக்கிற சட்டி.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நீங்கள் அனுப்பிய படங்களிலேயே பதில் இருக்கிறது. சட்டியைக் கவிழ்த்து எடுத்த படத்தைப் பாருங்கள். அடியில் ஒரு பொட்டுக் கரி இல்லை. விறகடுப்பில் ஒரே ஒரு நாள் ஏறியிருந்தால்கூட மண்சட்டி அந்தக் கறுப்பை விடாது. ஆக, இது அடுப்பேறாத சட்டி. இரண்டாவது படத்தில் விளிம்பில் ஒரே ஓர் இடம், நாலு விரல் அகலத்துக்கு, மழுங்கிப்போய்ப் பளபளக்கிறது. மற்ற இடமெல்லாம் சொரசொரப்பாகவே இருக்கிறது. ஏதோ ஒன்று பல வருஷம், தினமும், அந்த ஓர் இடத்தின் வழியாகவே வழிந்து வெளியே போயிருக்கிறது. தண்ணீரும் அரிசியும்தான் அது.

எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர், கீரை கடைகிற சட்டியாக இருக்கலாமே என்றார். நியாயமான சந்தேகம். கீரைச்சட்டிக்கும் உள்ளே வரி கீறியிருப்பார்கள். மத்துக்குக் கீரை வழுக்காமல் மசிய அது வேண்டும். ஆனால் கீரைச்சட்டி அடுப்பில் வேகிற சட்டி. கரி இருந்தாக வேண்டும். கடைகிறபோது சிதறாமல் இருக்க ஆழமும் வேண்டும். மத்து சுழன்ற நடு அடி தேய்ந்திருக்கும். உங்கள் சட்டியில் நடு அடியில் வரப்பு புதுக்கருக்கு அழியாமல் நிற்கிறது.

ஜப்பான்காரர்களின் கிண்ணம் நல்ல பாத்திரம். சுரிபாச்சி என்று பெயர். அதில் சீப்பால் வாரியதுபோல அடியிலிருந்து விளிம்பை நோக்கிக் கோடு ஓடும். மர உலக்கையைச் சுழற்றும்போது எள் அந்தக் கோடுகளின் குறுக்கே உரசி அரைபடுகிறது. உங்கள் சட்டியில் வரப்பு சுற்றிவருகிறது. இதற்குள் குழவியைச் சுழற்றினால் வரப்போடு வரப்பாக வழுக்கிக்கொண்டு போகுமே தவிர எதுவும் அரைபடாது. போன் வடிவத்தைப் பார்த்தது, கோடு போகிற திசையைப் பார்க்கவில்லை. மூலிகை என்று சொன்ன வியாபாரிக்கும் இதே பதில்தான். இவ்வளவு மெல்லிய சுவரில் சுக்கை வைத்து இடித்தால் முதல் நாளே விரிசல் விடும்.

சரி, கல்லை எப்படிப் பிரிக்கிறது?

அரித்தல் என்ற சொல்லைக் கரையானும் பூச்சியும் செய்கிற வேலைக்கும், உடம்பில் வருகிற அரிப்புக்கும் மட்டுமே இப்போது வைத்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீரில் ஆட்டி ஆட்டிக் கல்லையும் மணலையும் பிரிப்பதற்கும் அதுதான் சொல். ஆற்று மணலில் பொன் எடுப்பவர்களையும் பொன் அரிப்பவர்கள் என்றே சொல்கிறோம். அவர்கள் தட்டிலும் ஒரு பக்கச் சுவரில் இதே மாதிரி வரப்பு வைப்பதுண்டு. அங்கே வரப்பில் தங்குவது பொன், வழிந்து போவது மணல். இங்கே வழிந்து வருவதுதான் நமக்கு வேண்டியது.

சுளகு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். சுளகில் புடைத்தால் உமியும் தூசியும் பறக்கும். கொழித்தால் கொஞ்சம் கல் ஒதுங்கும். ஆனால் அரிசி அளவே இருக்கிற, அரிசி நிறத்திலேயே இருக்கிற வெள்ளைக்கல் சுளகுக்குப் பிடிகொடுக்காது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கிராம் தண்ணீர் அடைக்கிற இடத்தில் அரிசி இருந்தால் சுமார் 1.4, 1.5 கிராம் இருக்கும். வெள்ளைக்கல் 2.6 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. வெளியில் வைத்துப் பார்த்தால் கல் அரிசியைப்போல இரண்டு மடங்குகூட இல்லை. தண்ணீருக்குள் போனதும் இரண்டிலும் 1 கிராம் கழிந்துவிடும். அரிசிக்கு மிஞ்சுவது அரை கிராமுக்குள். கல்லுக்கு மிஞ்சுவது 1.6. இப்போது வித்தியாசம் மூன்று, நான்கு மடங்கு. அதனால் தண்ணீரை ஓர் ஆட்டு ஆட்டினால் அரிசி எழும்பி மிதக்கிறது, கல் அடியில் நிற்கிறது. தண்ணீரோடு சேர்ந்து உருண்டுவரப் பார்க்கிற கல்லை வரப்பு பிடித்துக்கொள்கிறது.

எங்கள் ஆச்சி அரித்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். களைந்த அரிசியை இரண்டு கை அள்ளிச் சட்டியில் போடுவார்கள். அரிசி முங்கி இன்னும் நாலு விரல் நிற்கிற அளவுக்குத் தண்ணீர். சட்டியை இடது கையால் ஏந்தி, வலது கையை விளிம்பில் கொடுத்து, லேசாகச் சாய்த்துக்கொண்டு ஆட்டுவார்கள். சுழற்றுவது இல்லை, தொட்டில் ஆட்டுவது மாதிரி முன்னும் பின்னும். ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு கரண்டி அரிசி தண்ணீரோடு விளிம்பைத் தாண்டிக் கீழே உள்ள போணிப் பாத்திரத்தில் விழும். மறுபடி தண்ணீர், மறுபடி ஆட்டு. கடைசியில் ஒரு சிறங்கை அரிசி சட்டியிலேயே நிற்கும். அதைப் போணியில் கொட்டவே மாட்டார்கள். உள்ளங்கையில் பரப்பி, கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, நல்ல அரிசியைப் பொறுக்கிக்கொண்டு மீதியை முற்றத்தில் குருவிக்கு எறிந்துவிடுவார்கள். முதல் தண்ணீர் கழுநீர்த்தொட்டிக்கு, மாட்டுக்கு. இரண்டாவது தண்ணீரில் புளி ஊறும்.

கடைசி மூன்று வருஷம் ஆச்சிக்குக் கண் தெரியவில்லை. அப்போதும் அரிசி அரிக்கிற வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காதைச் சட்டிக்குக் கொடுத்துக்கொண்டு ஆட்டுவார்கள். அரிசி மண்ணில் உரசினால் ஒரு சத்தம், கல் உரசினால் வேறு சத்தம். "இன்னும் ஒண்ணு கெடக்கு, எடுல" என்பார்கள். நான் விரலை விட்டுத் துழாவினால் வரப்புக்குள் ஒரு கல் இருக்கும். அவர்கள் ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை.

இதையெல்லாம் விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சோற்றில் கல் கிடப்பது அன்று சின்ன விஷயம் இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவருக்குப் பல்லில் கல் அகப்பட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இலை ஓரத்தில் எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டார். சமையல் பொறுப்பில் இருந்த எங்கள் அத்தை அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இத்தனைக்கும் அந்தக் கல் அவர்கள் போட்டதா? களத்திலிருந்து வந்தது. சாணி மெழுகிய மண்தரையில் சூடடித்த நெல், முற்றத்தில் காயப்போட்ட புழுங்கல் நெல், இரண்டிலும் கல் சேரத்தான் செய்யும். கார் அறுப்பானாலும் பிசான அறுப்பானாலும் ரோட்டிலேயே நெல்லைப் பரப்பிக் காயவைப்பதை இன்றும் பார்க்கிறோம். களத்தில் சேர்ந்த கல்லுக்கு அடுப்படியில் நின்ற பெண்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பழி வராமல் காத்த சட்டி இது.

பொருநை என்கிற நம் தாமிரபரணிக் கரைக்கு நெல் நேற்று வந்ததில்லை. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் அகழாய்வில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுமிக்குக் கி.மு. 1155 என்று காலம் கணித்து 2021-ல் அரசு அறிவித்தது. அந்த நெல்லைக் குத்தி உலையில் போட்டவர்களும் கல் பொறுக்கித்தான் இருப்பார்கள். இந்தச் சட்டி வீட்டைவிட்டுப் போனது நம் காலத்தில்தான். ஆலைகளில் கல் நீக்குகிற இயந்திரம் வந்தது. சரிவான சல்லடைத்தட்டு ஒன்று அதிர்ந்துகொண்டே இருக்கும், கீழிருந்து காற்று ஊதும். அரிசி காற்றில் மிதந்து சரிவில் இறங்கும். கல் தட்டோடு ஒட்டிக்கொண்டு மேல் பக்கமாக ஏறி வெளியே போகும். ஆச்சி தண்ணீரில் செய்ததை அது காற்றில் செய்கிறது. பையில் வருகிற அரிசியில் கல் இல்லை என்றானதும் சட்டி பரணுக்குப் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. தினமும் ஒரு வீட்டுக்கு இவ்வளவு தண்ணீரும் இவ்வளவு நேரமும் செலவழித்தது பெண்கள்தான். அந்தப் பாரம் இறங்கியது நல்லதே.

எனக்கு வருத்தம் உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு வரியைப் பற்றித்தான். போனைக் கேட்டிருக்கிறீர்கள். வியாபாரியைக் கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்கும் எழுதிவிட்டீர்கள். அந்தச் சட்டியை ஆட்டிய கை அதே வீட்டில், பக்கத்து அறையில் இருக்கிறது. அவர்களைக் கேட்கவில்லை. மறந்திருக்கும் என்று நீங்களாக முடிவு செய்துவிட்டீர்கள். அம்மா, நாம் கேட்பதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பிறகு அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று சொல்வது அவர்களுக்குச் செய்கிற நியாயம் இல்லை.

காது கேட்காது என்றால் வாயால் கேட்காதீர்கள். சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பரண் தூசியைத் தேங்காய் நாரால் தேயுங்கள். சோப்புப் போட வேண்டாம், மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். காலையில், வெளிச்சம் நன்றாக இருக்கிறபோது, ஆச்சியைத் திண்ணையில் உட்காரவைத்துச் சட்டியை மடியருகே வையுங்கள். கால்படி அரிசி, ஒரு செம்பு தண்ணீர், பக்கத்தில் ஒரு போணி. அரிசியில் நாலைந்து சிறுகல்லைக் கலந்து வையுங்கள். இது என்ன ஆச்சி என்று கேட்க வேண்டாம், கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். கையை மட்டும் பாருங்கள். முடிந்தால் உங்கள் பிள்ளைகளையும் உட்காரவையுங்கள்.

ஆச்சி அதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள், எந்த ஊர்ச் சட்டி என்று சொல்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காருகுறிச்சிதான் உங்களுக்குப் பக்கம். இன்றும் சக்கரம் சுற்றுகிற ஊர். அங்கே வனைந்ததாகவும் இருக்கலாம், சொல்ல வேண்டியவர்கள் ஆச்சிதான். எங்கள் வீட்டில் சொன்ன பெயரை நான் எழுதிவிட்டேன். உங்கள் வீட்டுப் பெயர் வேறாக இருந்தால் அதையும் இதே பக்கத்தில் போட வேண்டும். அடுத்த இதழுக்கு இந்தப் பக்கத்தை 20-ஆம் தேதி முடிக்கிறோம். அதற்குள் எழுதுங்கள்.