ஃபர்ம்வேரை மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: தள்ளுபடி விலையில் ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்து மறுபடி விற்கும்) வைஃபை ரவுட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். விற்றவரே ஆறு மாத வாரண்டி கொடுத்தார். அந்த மாடலுக்கு அப்டேட் தருவதைத் தயாரிப்பாளர் நிறுத்திவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் இருக்கும் அப்டேட் வசதி வழியாகவே ஓபன்டபிள்யுஆர்டி (OpenWrt) என்ற இலவச மாற்று ஃபர்ம்வேரை, அதாவது ரவுட்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை, ஏற்றினேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது. நண்பரிடம் இருந்த அதே அளவு அடாப்டரைப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வரும் வைஃபையும் காணாமல் போய்விட்டது. பின் அறைக்கு சிக்னல் போதவில்லை என்று ‘நாடு’ செட்டிங்கை மாற்றிப் பவரைக் கூட்டியிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விற்றவரிடம் சாட்டில் புகார் செய்தபோது ஃபர்ம்வேர் மாற்றியதை மறைக்கவில்லை. “அங்கீகாரம் இல்லாத மென்பொருள் ஏற்றியதால் வாரண்டி ரத்து. தள்ளுபடிப் பொருளுக்கு உரிமை கோர முடியாது. இப்படி மாற்றுவதே பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம்” என்று பதில் வந்தது. நான் செய்தது குற்றமா? எனக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: மூன்று கதையை ஒரே மூச்சில் சொல்லி உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார் விற்றவர். மூன்றில் எதுவும் அவர் சொன்ன வடிவில் நிற்காது. அதே சமயம், அவர் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் பலவீனமாக இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ‘குற்றம்’. பணம் கொடுத்து வாங்கிய ரவுட்டர் உங்களுடையது. அதன் உள்ளே இருக்கும் மென்பொருளின் பதிப்புரிமை மட்டும் எழுதியவர்களுடையது. அவர்களுடைய மென்பொருளை நீங்கள் நகல் எடுத்து ஊருக்கு விநியோகித்தால் பிரச்சினை. அதை அழித்துவிட்டு, வேறொருவர் இலவசமாகப் பயன்படுத்த அனுமதி கொடுத்த மென்பொருளை உங்கள் கருவியில் ஏற்றுவதில் யாருடைய பதிப்புரிமை மீறப்படுகிறது? அந்தக் கேள்விக்கு விற்றவரிடம் பதில் இருக்காது.

‘பூட்டை உடைத்தீர்கள்’ என்று வாதிடலாம். மென்பொருளைப் பாதுகாக்கப் போடும் தொழில்நுட்பத் தடைகளைத் தகர்ப்பதைப் பல நாட்டுச் சட்டங்கள் தடை செய்கின்றன என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் எதையும் தகர்க்கவில்லை. தயாரிப்பாளரே வைத்திருந்த அப்டேட் பக்கத்தில் ஒரு கோப்பை ஏற்றினீர்கள், கருவி ஏற்றுக்கொண்டது. கையொப்பச் சரிபார்ப்பு (தயாரிப்பாளர் ஒப்பிய கோப்புதானா என்று கருவி பார்ப்பது) இருந்து அதைத் தாண்டியிருந்தாலும் கதை முடிந்துவிடாது. அமெரிக்காவில் இந்தத் தடைச் சட்டம் கடுமையானது. அங்கேயே 2021-இல் ரவுட்டர் போன்ற நெட்வொர்க் கருவிகளுக்கு, உரிமையாளர் சட்டபூர்வமான மென்பொருளை ஓட்டுவதற்காகத் தடையை நீக்கலாம் என்று விலக்கு கொடுத்தார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தடையைத் தகர்ப்பதைத்தான் தண்டிக்கிறது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற கணினி நிரலைச் சொந்த உபயோகத்துக்கு, வியாபார நோக்கமில்லாமல் மாற்றியமைப்பதையே மீறல் அல்ல என்கிறது.

இன்னொன்றையும் விற்றவருக்கு நினைவூட்டலாம். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். லினக்ஸ் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் கீழ் வருகிறது. அந்த உரிமம், மென்பொருளைப் பெறுகிறவருக்கு மாற்றும் உரிமையையும் மூலநிரலை (மென்பொருளை எழுதிய நிரல் வரிகளை) கேட்டு வாங்கும் உரிமையையும் சேர்த்தே கொடுக்கிறது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யுஆர்டி54ஜி ரவுட்டரில் லினக்ஸ் இருப்பதைக் கண்டுபிடித்து ஆட்கள் கேள்வி கேட்ட பிறகு, 2003-இல் அந்த நிறுவனம் மூலநிரலை வெளியிட நேர்ந்தது. நீங்கள் ஏற்றிய மென்பொருளின் பிறப்பே அங்கிருந்துதான். பெயரில் உள்ள டபிள்யு, ஆர், டி என்ற மூன்று எழுத்தும் அந்த மாடலுடையவை. ஜெர்மனியில் ஒரு ரவுட்டர் தயாரிப்பாளர், தன் கருவியின் ஃபர்ம்வேரை இன்னொரு நிறுவனத்தின் மென்பொருள் மாற்றுகிறது என்று வழக்குப் போட்டபோது, ஜிபிஎல் பகுதிகளை மாற்றுவதைப் பதிப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று 2011-இல் பெர்லின் நீதிமன்றம் சொன்னது. ஜிபிஎல் எல்லாவற்றையும் மூடாது; வைஃபை சிப்பின் டிரைவர் (சிப்பை இயக்கும் நிரல்), தயாரிப்பாளரின் அட்மின் பக்கம் போன்றவை தனி உரிமத்தில் இருக்கலாம். அவற்றை அப்படியே எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தால் பேச்சு வேறு. நீங்கள் அதைச் செய்யவில்லை.

இந்தப் பதிலெல்லாம் ரவுட்டர் உங்களுக்குச் சொந்தம் என்பதால்தான். இணைய நிறுவனம் வாடகைக்கோ இணைப்போடோ கொடுத்த பெட்டியாக இருந்தால் அது அவர்கள் சொத்து, கை வைக்காதீர்கள்.

‘தள்ளுபடிப் பொருளுக்கு உரிமை இல்லை’ என்பதற்கு அதிக நேரம் வேண்டாம். விலையைக் குறைத்ததால் விற்றவரின் பொறுப்பு மறைந்துவிடாது. கீறல் இருக்கும், பெட்டி பழசாக இருக்கும் என்று சொல்லி விற்றால் கீறலுக்காக நீங்கள் சண்டை போட முடியாது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/771 உத்தரவு, பயன்படுத்திய பொருளுக்குப் பொறுப்புக் காலத்தை ஒப்பந்தத்தால் குறைத்துக்கொள்ள நாடுகள் அனுமதிக்கலாம் என்கிறது. ஆனால் ஓராண்டுக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் விஷயத்தில் அவரே ஆறு மாதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பில்லிலோ விற்பனைப் பக்கத்திலோ அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் படம் பிடித்து வையுங்கள். விற்பனைப் பக்கங்கள் மாறும், காணாமலும் போகும்.

இப்போது உண்மையான சண்டைக்கு வருவோம்: வாரண்டி.

‘ஃபர்ம்வேரை மாற்றினால் வாரண்டி ரத்து’ என்ற வரி வாரண்டி அட்டையில் இருக்கலாம். அந்த வரியை நியாயமாக எப்படிப் படிக்க வேண்டும்? மாற்றியதால் வந்த கோளாறுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று படிக்கலாம். மாற்றிவிட்டாய், ஆகவே இனி எதற்குமே பொறுப்பில்லை என்று படிப்பதை நுகர்வோர் சட்டங்கள் பொதுவாக ரசிப்பதில்லை. அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் சட்டம், எங்கள் பிராண்டு உதிரிப் பாகத்தையே போட வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை வைப்பதைத் தடுக்கிறது. அந்த நாட்டு வணிக ஆணையம் 2018-இல், ‘இந்த ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி இல்லை’ என்ற வகை வாசகங்களுக்காகச் சில நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. அது ஃபர்ம்வேரைப் பற்றிய சட்டம் இல்லை. ஆனாலும் அதன் அடியில் ஓடும் நியாயம் இங்கேயும் பொருந்தும்: உன் மாற்றம்தான் கெடுத்தது என்று சொல்கிறவர், எப்படிக் கெடுத்தது என்று காட்ட வேண்டும். மேலே சொன்ன ஐரோப்பிய உத்தரவு ஒருபடி மேலே போய், பொருள் கைக்கு வந்து ஓராண்டுக்குள் தெரிய வரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும் என்கிறது. இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் வேலை.

அதனால் உங்கள் புகாரை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். இரண்டு கோளாறு, இரண்டு வழக்கு.

அடாப்டரில் நீங்கள் பலமாக நிற்கிறீர்கள். அது சுவரில் செருகும் தனிப் பொருள். அதற்குள் ஃபர்ம்வேர் எட்டிப் பார்ப்பதில்லை. பழைய அடாப்டரில் மின்தேக்கிகள் (மின்சாரத்தைச் சீராக்கும் பாகங்கள்) காய்ந்துபோனால், ரவுட்டர் கொஞ்சம் கூடுதல் மின்சாரம் இழுக்கும் நேரத்தில் வோல்ட்டேஜ் சரியும். ரவுட்டர் அணைந்து மறுபடி எழும். ரீஃபர்பிஷ்டு பொருளில் இது வழக்கமாகப் பார்க்கும் நோய். விற்றவர் மல்டிமீட்டரை வைத்து “வோல்ட்டேஜ் சரியாகத்தானே இருக்கிறது” என்று காட்டக்கூடும். லோடு இல்லாமல், அதாவது எந்தக் கருவிக்கும் மின்சாரம் கொடுக்காத நிலையில், அளந்தால் நோயாளி அடாப்டரும் சரியான எண்ணைக் காட்டும். “பவரைக் கூட்டியதால் அடாப்டர் தாங்கவில்லை” என்றும் சொல்வார். அதற்கான பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது: அதே ரவுட்டர், அதே ஃபர்ம்வேர், அதே செட்டிங், லேபிளில் அதே வோல்ட்டும் ஆம்பியரும் போட்ட வேறு அடாப்டர் — ஒழுங்காக ஓடுகிறது. இரண்டு அடாப்டரின் லேபிளும் தெரியும்படி, ஒன்றில் அணைவதையும் மற்றதில் ஓடுவதையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பத்துப் பக்க வக்கீல் நோட்டீஸை விட அந்த வீடியோ வேலை செய்யும்.

5 கிகாஹெர்ட்ஸ் விஷயம் அப்படி இல்லை. நான் சொன்ன பலவீனம் இதுதான். ‘நாடு’ செட்டிங் என்பது அலங்காரம் இல்லை. எந்தச் சேனலில், எவ்வளவு பவரில் ரேடியோ பேசலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. வீட்டு வைஃபைக்கு யாரும் தனி உரிமம் வாங்குவதில்லை. அந்த வரம்புக்குள் இருக்கும்வரைதான் அந்தச் சலுகை. 5 கிகாஹெர்ட்ஸின் ஒரு பகுதியை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரை வானிலை ரேடார்களுக்கு முக்கியமான இடம். அங்கே உங்கள் வைஃபை தவறாகப் பேசினால் ரேடார் திரையில் இல்லாத மழை தெரியும். இதை எந்த நாட்டு ரேடியோ ஆணையமும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. டிபி-லிங்க் நிறுவனம், பயனர்கள் நாட்டு செட்டிங்கை மாற்றி அனுமதித்த பவரைத் தாண்ட வழி வைத்த ரவுட்டர்களை விற்றதற்காக 2016-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு 2,00,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த உடன்பாட்டிலேயே, மாற்று ஃபர்ம்வேருக்கு வழிவிடும் தீர்வுகளைத் தேடவும் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். ஆணையத்தின் குறி ஃபர்ம்வேர் மீது இல்லை. காற்றில் போகும் பவர் மீதுதான்.

ஆக, மென்பொருளை மாற்றியது உங்கள் உரிமை. நாட்டை மாற்றியது இல்லை. இன்றே சரியான நாட்டுக்குத் திருப்பி வையுங்கள். இது என் ஆலோசனைகளில் பேரம் பேச முடியாத ஒன்று. பின் அறைக்கு சிக்னல் வேண்டுமென்றால் இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் (அங்கிருந்து வைஃபை பரப்பும் தனிக் கருவி) வையுங்கள். எப்படியும் ரவுட்டர் கத்தினால் மட்டும் போதாது, மறுமுனையில் உள்ள ஃபோன் திருப்பிக் கத்த வேண்டாமா?

திருப்பி வைத்ததும் ஒரு வேடிக்கை நடக்கலாம்: 5 கிகாஹெர்ட்ஸ் தானாக வந்துவிடலாம். தேர்ந்தெடுத்த நாட்டில் அனுமதி இல்லாத சேனல் செட்டிங்கில் இருந்தால் ரேடியோ தொடங்கவே தொடங்காது. ரேடார் சேனலாக இருந்தால், பேசுவதற்கு முன் 1 நிமிடமும், சில இடங்களில் வானிலை ரேடார் சேனலுக்கு 10 நிமிடமும் காது கொடுத்துக் கேட்கும். ரேடார் இருப்பதாகத் தோன்றினால் விலகிவிடும். சேனலை 36 என்று வைத்துப் பாருங்கள். வரவில்லையா? அடுத்து, ஃபர்ம்வேர் மாற்றும்போது முழு ஃபிளாஷ் நினைவகத்தையும் அழித்தீர்களா என்று யோசியுங்கள். ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஆலையில் அளந்து எழுதிய ரேடியோ அளவீட்டுத் தகவல் அதில் ஒரு மூலையில் இருக்கும். அது அழிந்தால் ரேடியோ சரியாக எழுந்திருக்காது. அப்படியானால் அது உங்கள் கை வேலை, விற்றவரைக் கேட்காதீர்கள். அட்மின் பக்கம் வழியாக ஏற்றியதாகச் சொல்கிறீர்கள். அந்த வழி பொதுவாக அந்த மூலையைத் தொடாது. கடைசியாக, தயாரிப்பாளரின் பழைய ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றிப் பாருங்கள். அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணில் படவில்லை என்றால், வன்பொருள் கோளாறு என்று சொல்ல உங்களுக்கு ஆதாரம் கிடைக்கிறது. பவரைக் கூட்டியதால் சூடேறிக் கெட்டது என்று அவர் சொல்ல இடமும் இருக்கிறது. இதில் பாதிக்குப் பாதி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஃபர்ம்வேரை ஏற்றுவது சோதனைக்காக, மறைப்பதற்காக இல்லை. “திரும்ப ஏற்றிவிட்டு, மாற்றவே இல்லை என்று சொல்லிவிடலாமா” என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கூடாது. நீங்கள் ஏற்கெனவே சாட்டில் சொல்லிவிட்டீர்கள், அதில் தப்பும் இல்லை: மாற்றினேன் என்பது, நான்தான் கெடுத்தேன் என்ற ஒப்புதல் ஆகாது. பொய் சொல்லி மாட்டினால், நியாயமான அடாப்டர் கோரிக்கையும் சேர்ந்து மூழ்கிவிடும்.

சாட்டில் இனிப் பேச வேண்டாம்; மின்னஞ்சலில் எழுதுங்கள். இப்படி இருக்கட்டும்: “இந்தத் தேதியில், இந்த பில் எண்ணில் வாங்கிய ரவுட்டருடன் வந்த பவர் அடாப்டர் லோடு தாங்காமல் பழுதடைந்துள்ளது. அதே அளவுள்ள வேறு அடாப்டரில் ரவுட்டர் தொடர்ந்து ஓடுகிறது, வீடியோ இணைத்துள்ளேன். ரவுட்டரில் மென்பொருள் மாற்றப்பட்டதை மறைக்கவில்லை. அந்த மாற்றம் அடாப்டரை எவ்வாறு பழுதாக்கியது என்பதைத் தொழில்நுட்பக் காரணத்துடன் எழுத்தில் தெரிவிக்கவும். இல்லையெனில் 15 நாளுக்குள் அடாப்டரை மாற்றித் தரவும்.” ரேடியோவைப் பற்றி, மேலே சொன்ன சோதனைகளை முடித்த பிறகு தனி மின்னஞ்சல். முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டு ஆரம்பிக்காதீர்கள். அடாப்டரின் விலை சிறியது. அதைக் கொடுத்து விஷயத்தை முடிப்பதே விற்றவருக்கும் லாபம். பதில் வராவிட்டால் உங்கள் நாட்டின் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம்; இந்த அளவு விவகாரத்துக்கு வக்கீல் வைத்தால் ரவுட்டரை விட என் கட்டணம் அதிகமாகும்.

ஓபன்டபிள்யுஆர்டி எழுதியவர்கள் மீது வழக்குப் போடலாமா என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். உத்தரவாதம் எதுவும் இல்லை என்று உரிமத்திலேயே எழுதித்தான் இலவசமாகக் கொடுக்கிறார்கள். ரவுட்டரைப் பின்னால் விற்கிற எண்ணம் வந்தால், வாங்குகிறவரிடம் ஃபர்ம்வேர் மாறியிருப்பதைச் சொல்லிவிடுங்கள், அல்லது பழையதை ஏற்றிக் கொடுங்கள்.

ஆறு மாதத்தில் எவ்வளவு கழிந்துவிட்டது என்று நீங்கள் எழுதவில்லை. அடாப்டர் மின்னஞ்சல் அந்தக் கெடுவுக்குள் போயாக வேண்டும். ரேடியோ சோதனைகள் முடியட்டும் என்று அதை நிறுத்தி வைக்காதீர்கள்.