எட்டு என்றால் எந்த எட்டு?

கேள்வி: பேரனுக்குத் தொப்பி பின்ன ஆசைப்பட்டு, இணையத்தில் கிடைத்த ஒரு அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து 8-ஆம் நம்பர் ஊசி வாங்கினேன். பின்னி முடித்தால் தேங்காய்க்குத்தான் மாட்டலாம் போலிருக்கிறது. கண்ணிகளை (ஊசியில் நிற்கும் நூல் வளையங்களை) கூட்டும் இடமெல்லாம் ஓட்டை வேறு. கண்ணி கூட்டுவதற்கென்றே ஒரு 'கிட்' ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா? (குன்னூர் வாசகி)

பதில்: வேண்டாம். அந்தக் காசுக்குச் சரியான ஊசி வாங்குங்கள்.

நம் ஊர்க் கடைகளில் பழைய பிரிட்டிஷ் நம்பர் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் 8 என்றால் 4 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் 8 என்பது 5 மி.மீ. போதாக்குறைக்கு இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும்: பிரிட்டிஷில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும், அமெரிக்காவில் தடிக்கும். கேட்டதைக் கொடுத்த கடைக்காரர் மேல் தப்பில்லை. இனிமேல் மி.மீ. சொல்லிக் கேளுங்கள். கையில் இருக்கும் 4 மி.மீ. ஊசியும் வீணில்லை, தொப்பியின் ரிப் விளிம்புக்கு (மேடு பள்ளமாக, இழுபடும்படி பின்னும் ஓரத்துக்கு) ஒரு சைஸ் இரண்டு சைஸ் சின்ன ஊசிதான் போடுவார்கள்.

சரி, ஓட்டை எப்படி வருகிறது? நூலை ஊசிமேல் வெறுமனே ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணி கூட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். லேஸ் வேலைக்கு அது அழகு. குளிர் தாங்கும் தொப்பிக்கு ஆகாது. இப்படிச் செய்து பாருங்கள். வலது ஊசியை வழக்கம்போலக் கண்ணியின் முன்பக்கம் நுழைத்து, நூலைச் சுற்றி இழுங்கள். ஆனால் பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து கழற்றக் கூடாது. எல்லாரும் சறுக்குவது இங்கேதான், பழக்க தோஷத்தில் கை தானாகக் கழற்றிவிடும். அதே கண்ணியின் பின்பக்கக் காலில், அதாவது இடது ஊசிக்குப் பின்னால் இருக்கும் பாதியில், ஊசியை நுழைத்து இன்னொரு முறை பின்னி, அப்புறம் கழற்றுங்கள். ஒன்று இரண்டாகிவிட்டது. இரண்டாவதன் அடியில் சின்ன முடிச்சு மாதிரி ஒரு கோடு தெரியும். பிழை இல்லை, அதன் அடையாளமே அதுதான். ரிப்பின் கடைசி வரிசையில் கூட்டினால் அந்த மேடு பள்ளத்தில் கண்ணுக்கே படாது.

தொப்பியில் கை வைப்பதற்கு முன் மிச்ச நூலில் 3 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையும் நிட்டாகவே (சாதாரண நேர்ப் பின்னலாகவே) போடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியை இரண்டாக்குங்கள். 20 வரிசை முடிந்ததும் ஊசியில் 23 கண்ணி இருக்க வேண்டும். குறைந்தால் எங்கேயோ கை அவசரப்பட்டிருக்கிறது.

பழகுவதற்கு வழுக்கும் அலுமினிய ஊசியைவிட மூங்கில் ஊசி நல்லது. பெரிய தொப்பிக்கு நூல் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். வாங்கப் போகும்போது லேபிளில் உள்ள லாட் நம்பரும் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்) ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், லாட் மாறினால் ஒரே நீலம் இரண்டு நீலமாகத் தெரியும். பழைய லேபிளைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்களே?